சளி பிடித்த பிள்ளைக்கு எலுமிச்சை கொடுக்கலாமா?

கேள்வி: 18 நவம்பர் 2023

வணக்கம். மகனுக்கு நாலு வயது. தீபாவளி முடிந்ததிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, ராத்திரியில் இருமல். நான் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து கொடுத்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "சளிக்குப் புளிப்பு ஆகாது, நெஞ்சில கட்டிக்கும்" என்று கோப்பையோடு வாங்கிக் கொட்டிவிட்டார். யூடியூபில் எல்லாரும் குளிர்காலச் சளிக்கு ஆரஞ்சு, எலுமிச்சை என்றுதான் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

18 நவம்பர், இரவு

தங்கச்சி, கொடுக்கலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு எலுமிச்சையும் ஆகும், தேனும் ஆகும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். பிள்ளை பாலை உறிஞ்சக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுபோகும். கைக்குழந்தையின் நாக்கில் தேன் தடவுகிற வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருப்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தவள், தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சளிப் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

எலுமிச்சை கொடுத்தால் சளி ஓடிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சளி வைரஸால் வருவது, அதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகை உண்டு. ஏழு நாள், பத்து நாளில் தானாக அடங்கும். எலுமிச்சைத் தண்ணீர் தொண்டையை நனைக்கும், எச்சில் ஊறவைக்கும், பிள்ளை வழக்கத்தைவிட இரண்டு மடக்கு கூடுதலாகக் குடிக்கும். அந்த இரண்டு மடக்குக்காகத்தான் கொடுக்கிறோம்.

19 நவம்பர்

மாமியாரைப் பற்றி. அவரைக் கோபிக்காதீர்கள், என் அம்மாவும் அதையேதான் சொன்னார். சளி என்றால் ஆரஞ்சு கிடையாது, தயிர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, தலைக்குத் தண்ணீர் கிடையாது. கடைசியில் பிள்ளைக்கு மிஞ்சுவது பிஸ்கட்டும் மைலோவும்தான். சீனக் குடும்பங்களிலும் ஆரஞ்சு சாப்பிட்டால் கோழை கட்டும் என்கிற பயம் உண்டு. அதே வீட்டில் ஆரஞ்சின் மேற்பக்கத்தை வெட்டி, சாப்ஸ்டிக்கால் சதையில் குத்தி, உப்பைத் தூவி, ஆவியில் வேகவைத்து இருமலுக்குக் கொடுப்பார்கள். எங்கள் தெரு மக்சிக் (மலாய் அம்மா) வீட்டில் லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையைக் கரண்டியில் பிழிந்து, இரண்டு சொட்டு இனிப்புக் கிச்சாப் (சோயா சாஸ்) விட்டு விழுங்கச் சொல்வார்கள். நம் வீட்டில் எலுமிச்சை ரசம், இஞ்சி, மிளகு. ஒரே தெருவில் மூன்று வீடு, மூன்று வைத்தியம், மூன்றிலும் லீமாவ் (எலுமிச்சை, ஆரஞ்சு இனத்துக்கு மலாய்ப் பெயர்) எங்கேயாவது நுழைந்துவிடுகிறது. ஆக, பழத்தைக் கண்டு யாரும் பயப்படவில்லை. குளிர்ந்த பழத்தைக் கண்டுதான் பயம். சூடாக்கிவிட்டால் பயம் போய்விடுகிறது.

மாமியாரிடம் விவாதம் வேண்டாம். "சூடா, உப்புப் போட்டுத்தான் கொடுக்கிறேன் அத்தே" என்று சொல்லிப் பாருங்கள்.

19 நவம்பர், சற்றுப் பிறகு

"நம் நாட்டில் குளிர்காலமே கிடையாதே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிடையாதுதான். கேமரன் மலையில் இருப்பவர்கள் வேண்டுமானால் கம்பளியைப் பற்றிப் பேசலாம். நமக்கு அது மழைக்காலம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்போம், பள்ளி வேனில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். ஒருவர் தும்மினால் வேன் முழுக்கச் சளி. மழையில் நனைந்ததால் வருவதில்லை, அடுத்தவர் மூக்கிலிருந்து வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எந்த எலுமிச்சையையும்விட மேல்.

24 நவம்பர்

அளவு கேட்கிறார்கள். பிள்ளைக்கென்றால் ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், அரை லீமாவ் நிப்பிஸ் (சாதாரணப் பச்சை எலுமிச்சை) அல்லது ஒரு லீமாவ் கஸ்தூரி, ஒரு தேக்கரண்டி தேன். அவ்வளவு போதும். சாற்றை அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள். முதலில் வெந்நீர், அது குடிக்கும் பதத்துக்கு ஆறிய பிறகு சாறு, கடைசியில் தேன். பிழிந்த தோலைக் கோப்பைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், கசப்பு இறங்கிவிடும். பிள்ளை ஒரு வாய் குடித்துத் துப்பினால் அடுத்த வேளை கோப்பையைக் கண்டாலே ஓடும்.

பெரியவர்களுக்கு எங்கள் சந்தைப் பக்கத்து ஒட்டுக்கடைக்காரர் கலக்கும் தே ஓ லீமாவ் (பால் விடாத எலுமிச்சைத் தேநீர்) எனக்குப் பிடிக்கும். கஸ்தூரியை நட்டநடுவில் வெட்டமாட்டார். காம்பை ஒட்டி ஓரமாக ஒரு சீவு சீவி, விதையைக் கத்தி முனையால் தட்டிவிட்டு, தேநீரை ஊற்றி முடித்த பிறகுதான் பிழிவார். சாறு விழுந்ததும் கறுத்திருந்த தேநீர் அடியிலிருந்து வெளுத்துத் தேன் நிறத்துக்கு வரும். சளி பிடித்தவர் வந்து நின்றால் கேட்காமலே இரண்டு துண்டு இஞ்சியை நசுக்கிப் போடுவார். மருந்துக்கடையில் சக்கைப்போடு போடும் எலுமிச்சை மணப் பொட்டலங்களைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல், காசும் குறைவு.

சூடு முக்கியமா என்று கேட்டவருக்கு: முக்கியம். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்துச் சளி ஆய்வு மையம் 2008இல் 30 பேரை வைத்துச் சோதித்தது. பழச்சாற்றுப் பானம் ஒன்றுதான். சூடாகக் கொடுத்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மலோடு தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி எல்லாவற்றுக்கும் உடனே ஆறுதல் கிடைத்ததாகச் சொன்னார்கள். அதையே அறைச் சூட்டில் கொடுத்தபோது முதல் மூன்றுக்கு மட்டும்தான் ஆறுதல். நோய் குணமானது என்று அவர்கள் சொல்லவில்லை, ஆறுதல் என்றுதான் சொன்னார்கள். காய்ச்சலில் கிடக்கிற ஆளுக்கு ஆறுதல் சின்ன விஷயமா?

2 டிசம்பர்

வைட்டமின் சி. இதைப் பொறுமையாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு வாங்கிய மேதை. வைட்டமின் சி-யைக் கிராம் கணக்கில் சாப்பிட்டால் சளியைத் தடுக்கலாம் என்று 1970இல் புத்தகமே எழுதினார். உலகம் முழுக்க மாத்திரை விற்பனை அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. இது பற்றி நடந்த சோதனைகளை 2013இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது: 29 சோதனைகள், 11,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். தினமும் வைட்டமின் சி எடுத்தவர்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 விழுக்காடும் பிள்ளைகளுக்கு 14 விழுக்காடும் சீக்கிரம் விட்டது. பத்து நாள் சளி என்றால் பெரியவருக்கு ஒரு நாள்கூட மிச்சமாகாது. மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு மாத்திரையைத் தேடியவர்களுக்குச் சொல்லும்படியான பலன் எதுவும் தென்படவில்லை.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் நல்ல பலன் தெரிந்தது. மராத்தான் ஓடுகிறவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் படைவீரர்கள். உடம்பை முறித்து உழைக்கிற அவர்களுக்குச் சளி பிடிப்பதே பாதியாகக் குறைந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம்தான். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரப்புல்லில் முழங்கால் வரை நனைந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். வயிற்றில் வெறும் கோப்பி ஓ (பால் விடாத காப்பி). பழம் என்று ஒன்றை அவர் தனக்காக வாங்கியதே இல்லை. வாங்கியது எல்லாம் எங்களுக்குத்தான்.

2 டிசம்பர், தொடர்ச்சி

அப்படியானால் பழமே வேண்டாமா என்று கேட்காதீர்கள். பழம் வேண்டும், சளி வந்த அன்றைக்கு மட்டும் போதாது, வருடம் முழுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 70 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 100 கிராம் ஆரஞ்சில் சுமார் 53 இருக்கிறது. பம்பளிமாஸில் 61. எலுமிச்சைச் சாற்றில் சுமார் 30. அந்தக் கணக்கில் ஒரு லீமாவ் கஸ்தூரியிலிருந்து விழும் ஒரு தேக்கரண்டிச் சாற்றில் இரண்டு மில்லிகிராம்கூடத் தேறாது.

கொய்யாவில்? 100 கிராமுக்கு 228.

லயத்து வீட்டின் பின்பக்கம் கொய்யா மரம் இல்லாத தோட்டத்தை நான் பார்த்ததில்லை. பழுத்து விழுந்து கோழி கொத்தும். பக்கத்திலேயே பப்பாளி, அதிலும் 60-க்கு மேல். அதை விட்டுவிட்டு, தூரதேசத்து ஆரஞ்சை ஆறு உருண்டை பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கி, சளிப் பிள்ளைக்கு மட்டும் ஒரு சுளை, ஆரோக்கியமாக இருக்கும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று வைப்பது எனக்கு மனத்தாங்கல். கொய்யாவைக் கழுவி, வெட்டி, அசாம் போய்த் தூளை (புளிப்பும் உப்புமான உலர்ந்த பிளம் பொடி) தூவித் தட்டில் வையுங்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளை நிற்காமல் தின்னும்.

1000 மில்லிகிராம் கரையும் மாத்திரைக் குழாயைத் தினமும் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் யோசியுங்கள். உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் சிறுநீரில் போகிறது. அளவு மீறினால் வயிற்றுப்போக்கு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

3 டிசம்பர்

"அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கப்பல்காரர்கள் எலுமிச்சை சாப்பிட்டுத்தான் சளி வராமல் தப்பித்தார்கள்" என்று எழுதிய ஐயாவுக்கு: அது சளி இல்லை, ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, பழைய காயமெல்லாம் திறந்துகொள்ளும் நோய். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற இருவர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1795 வாக்கில் லெமன் சாற்றைக் கப்பல்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. 1860களில் செலவைப் பார்த்து மேற்கிந்தியத் தீவுகளின் பச்சை எலுமிச்சைக்கு மாறினார்கள். 1875இல் வடதுருவம் நோக்கிப் போன பயணத்தில் ஸ்கர்வி திரும்ப வந்தது. லெமனில் இருந்த சத்தில் பாதிகூட அந்த எலுமிச்சைச் சாற்றில் இல்லை. நாம் வெந்நீரில் பிழிவதும் அதே பச்சை எலுமிச்சையைத்தான்.

11 டிசம்பர்

எலுமிச்சை இலை, லீமாவ் பூருட் இலை, நொச்சி எல்லாம் போட்டு வேது பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பெரியவர் மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் பிடிக்கலாம். மணம் மூக்கைத் திறந்தமாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வேலையில் இருந்தபோது பார்த்தது. தரையில் பேசின், அதில் கொதித்த தண்ணீர், மேலே போர்வை, உள்ளே பாட்டியும் பேத்தியும். பிள்ளை மூச்சு முட்டிக் காலை உதறியிருக்கிறாள். பேசின் கவிழ்ந்து இரண்டு தொடையும் வெந்துபோனது. சளி நாலு நாளில் போயிருக்கும். அந்தத் தழும்பு அவள் கல்யாணத்தன்றும் இருந்தது. பாட்டி அவளை எவ்வளவு ஆசையாக வளர்த்தார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதை யாரிடமாவது சொல்கிறேன்.

இன்னொன்று, எலுமிச்சைச் சாற்றைப் பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது. தேய்த்துவிட்டு வெயிலில் விளையாட விட்டால் மறுநாள் அந்த இடம் சிவந்து, கொப்புளித்து, பிறகு வழிந்த கோடு கோடாகக் கருத்துவிடும். எலுமிச்சைத் தோலில் இருக்கும் ஒரு சத்து வெயில் பட்டதும் தோலைச் சுடுகிறது. அந்தக் கறை மறைய வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு. கை அடையாளம்போலப் பதிந்து, பிள்ளையை யாரோ அடித்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிற அளவுக்கும் போவதுண்டு. லீமாவோடு சுண்ணாம்பைக் குழைத்துக் கழுத்தில் பூசுகிறவர்கள் அதை இன்றோடு விடுங்கள். சுண்ணாம்பு பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கிவிடும்.

12 டிசம்பர்

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார்: மகனுக்கு எப்போதோ சரியாகிவிட்டதாம், இப்போது மாமியாருக்குச் சளியாம், உப்புப் போட்ட லீமாவ் தண்ணீர் அவரே கேட்டு வாங்கிக் குடிக்கிறாராம். மனம் நிறைந்தது.

மழைக்காலம் என்பதால் ஒன்று. மூக்கே ஒழுகாமல் திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறித்தது போன்ற வலி என்றால் எலுமிச்சையைக் கீழே வைத்துவிட்டு ரத்தம் சோதிக்கப் போங்கள். டிங்கியாக (டெங்கு) இருக்கலாம். டிங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம், "விட்டுடுச்சு" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். பரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது. தோட்டத்தில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் வரும். டாக்டரிடம் எந்த வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

28 டிசம்பர்

மழை விடவில்லை. இன்று எனக்கே தொண்டை கரகரப்பு. காலையில் கஞ்சி வைத்தேன், நார்த்தங்காய் ஜாடியைத் திறந்தேன்.

இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். சளிக்கு நம் வீட்டில் உண்மையாகவே கைகொடுத்த சிட்ரஸ் எது என்று கேட்டால் உப்பு நார்த்தங்காயைத்தான் சொல்வேன். காயைத் தொடர் அறாமல் சுருள் சுருளாக அரிந்து, மடிப்புக்குள் கல்லுப்பை அடைத்து, ஜாடியில் போட்டு தினமும் குலுக்கி, தண்ணீர் விட்டுக்கொண்டதும் வெயிலில் காயவைத்து, திரும்ப அந்தத் தண்ணீரிலேயே ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து எடுப்பது. நாளாக ஆகக் கறுத்துத் தோல்போல ஆகிவிடும், மேலே உப்புப் பூத்து நிற்கும். சளி பிடித்தால் நாக்கு செத்துப்போகுமே, எதை வைத்தாலும் வேண்டாம் என்போமே, அந்த நேரத்தில் விரல் நுனியளவு கிள்ளி நாக்கில் வைத்தால் வாய் ஊறும், கஞ்சி இறங்கும். கஞ்சி இறங்கினால் தண்ணீரும் உப்பும் மாவுச்சத்தும் சேர்ந்து உடம்புக்குள் போகிறது. சேலைன் பாட்டிலில் இருப்பதும் தண்ணீரும் உப்பும்தானே.

சீனர் மளிகைக் கடைகளில் பெரிய கண்ணாடி ஜாடியில் பழுப்பேறிக் கிடக்கும் உப்பு லீமாவும் இதே குடும்பம்தான். ஒன்றை எடுத்து வெந்நீரில் நசுக்கித் தொண்டை வலிக்குக் குடிப்பார்கள். இரண்டிலும் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த விரல் நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஜாடியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

வெறும் தொண்டை வலிக்கு அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொப்பளித்துத் துப்பினாலே போதும். அதற்கு எந்தப் பழமும் தேவையில்லை.

7 ஜனவரி 2024

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், முக்கியமாக வீட்டில் வயதானவர்கள் இருந்தால்.

ஈப்போ பக்கத்துத் தம்புன் போய்வந்த ஒருவர், ரோட்டோரக் கடையில் சிவப்பு வலையில் தொங்கிய பம்பளிமாஸை மூட்டையாக வாங்கிவந்து, சளிக்காக அப்பாவுக்குத் தினமும் அரைப் பழம் கொடுப்பதாக எழுதியிருக்கிறார். அப்பா கொழுப்பு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறாராம்.

எந்த மாத்திரை என்று உடனே பாருங்கள். பம்பளிமாஸும் சாதாரண ஆரஞ்சும் கலந்து கரிபியன் தீவுகளில் பிறந்ததுதான் கிரேப்ஃபுரூட். அதன் சாறு சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது என்பதைக் கனடாவில் வேறொரு ஆய்வின் நடுவே தற்செயலாகக் கண்டுபிடித்து 1989இல் வெளியிட்டார்கள். மதுவின் சுவை தெரியாமல் இருக்க அந்தச் சாற்றில் கலந்து கொடுத்திருந்தார்கள், ஃபெலோடிபின் என்ற பிரஷர் மருந்தின் அளவு எதிர்பார்க்காத அளவுக்கு ஏறியிருந்தது. நம் குடலில் மருந்தைச் சிதைக்கிற ஒரு நொதி இருக்கிறது. பழத்தில் உள்ள சத்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் ஒரு மாத்திரை சாப்பிட்டால் பல மாத்திரை சாப்பிட்ட மாதிரி ஆகிறது. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் தப்ப முடியாது, பழத்தின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். அதே சத்து பம்பளிமாஸிலும் உண்டு.

கொழுப்பு மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டினுக்கு இந்த ஆபத்து அதிகம். கை கால் தசை காரணமில்லாமல் வலித்தால், சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால், அன்றைக்கே கிளினிக். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பழத்தை நிறுத்துங்கள். மாத்திரை அட்டையை எடுத்துப்போய் மருந்தகத்தில் காட்டி "லீமாவ் பாலி (பம்பளிமாஸ்) சாப்பிடலாமா" என்று கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். சாதாரண ஆரஞ்சுச் சுளைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. பெரியவருக்குப் பழம் கொடுக்க ஆசையாக இருந்தால் அதைக் கொடுங்கள், இல்லையா, கொய்யா இருக்கவே இருக்கிறது.

8 ஜனவரி

அவர் பதில் போட்டுவிட்டார். சிம்வாஸ்டாட்டின்தான். பழத்தை நிறுத்திவிட்டாராம், அப்பாவுக்குத் தசை வலி எதுவும் இல்லை. மிச்சப் பழங்களை அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். நல்லது.

30 ஜனவரி

சீனப் பெருநாள் வருகிறது, வீட்டுக்கு வீடு மேண்டரின் பெட்டி. தோலைக் காயவைத்துச் சளிக்குத் தேநீர் போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சீன வைத்தியத்தில் கோழைக்கு உலர்ந்த ஆரஞ்சுத் தோல் உண்டு. ஆனால் அது வருடக்கணக்கில் பதப்படுத்தி வைத்தது, குவாங்டோங்கில் சின்ஹுய் ஊர்த் தோலுக்குத்தான் பேர். நம் மேசையில் இருக்கும் பழம் கப்பலேறி வந்தது. வழியில் அழுகாமல் இருக்க மெழுகும் பூஞ்சைக்கொல்லியும் பூசுவது வழக்கம். சுளையைத் தின்னுங்கள், தோலைக் கொதிக்கவைத்துக் குடிக்காதீர்கள். தோல்தான் வேண்டும் என்றால் சின்சே கடையில் (சீன மருந்துக்கடை) கேட்டு வாங்குங்கள்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் ராத்திரி படுக்கும் முன் எந்தப் புளிப்பும் வேண்டாம். படுத்ததும் அமிலம் தொண்டைக்கு ஏறும், இருமல் கூடும், சளி முற்றிவிட்டது என்று பயந்துபோவீர்கள். புளிப்புக் குடித்த கையோடு பல் தேய்க்கவும் வேண்டாம், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள். பிள்ளைகளுக்கும் இதையே பழக்குங்கள்.

14 பிப்ரவரி

கஸ்தூரிச் செடி தொட்டியில் வளருமா? நன்றாகவே வளரும். என் வீட்டு வாசலில் பெயிண்ட் வாளியில்தான் நிற்கிறது. அடியில் ஓட்டை, நல்ல வெயில், தண்ணீர் தேங்கக் கூடாது. இலையில் பறவை எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது எச்சமில்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் இலைப் பச்சையாக மாறிவிடும், அப்புறம் கண்ணுக்கே படாது, ஒரே ராத்திரியில் கொழுந்தையெல்லாம் மொட்டையடித்துவிடும். குடிக்கும் பழம் என்பதால் மருந்தடிக்காமல் கையால் எடுத்துவிடுங்கள். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாறும். கடிக்காது.

காயைப் பச்சையாக இருக்கும்போதே பறியுங்கள். ஆரஞ்சு நிறத்துக்குப் பழுத்துவிட்டால் புளிப்பு குறைந்துவிடும்.

20 பிப்ரவரி

நேற்று இரவு ஒரு சகோதரி எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். தைப்பூசத்துக்கு முன்னால் பிடித்த இருமல், இன்னும் விடவில்லை. மாலையில் லேசாக உடம்பு சுடுகிறது, ராத்திரி பனியன் நனைய வேர்க்கிறது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறாராம். இந்தப் பக்கத்தைப் பார்த்துத் தினமும் லீமாவ் தேன் கொடுப்பதாகவும், இஞ்சியைக் கூட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, இஞ்சியைக் கூட்ட வேண்டாம். நாளைக்கே அவரைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையம்) கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போன இருமலைக் காசநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். கோழை மாதிரி எடுப்பார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். நம் அடையாள அட்டைக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. காசநோய் என்று வந்தாலும் பயப்படாதீர்கள், சாதாரணமாக ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் குணமாகிற நோய், மருந்துக்குக் காசு கிடையாது. தோட்டத்தில் பேர் கெட்டுவிடும் என்று அவர் தயங்கினால், வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதை ஞாபகப்படுத்துங்கள். உங்களையும் பிள்ளையையும் சேர்த்தே சோதிப்பார்கள்.

ஒருநாள் சம்பளம் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் வந்துபோனதற்குச் சீட்டுக் கேட்டு வாங்கிக் கிராணியிடம் (தோட்டத்துக் குமாஸ்தா) காட்டச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் மட்டும் கொப்பளித்துவிட்டு, எதையும் சாப்பிடும் முன் ஆழத்திலிருந்து இருமி எடுத்த கோழைதான் சோதனைக்கு நல்லது. டப்பா கிளினிக்கில் கொடுப்பார்கள். போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.